போதுமென்ற சொல்

பதினோராவது வாரம்
வில்மாரின் வாயில் ஒரு சொல் முளைத்தது.
கிராசியாஸ். நன்றி.

பேச்சுப் பயிற்சி தரும் சொலாஞ்ச் கைதட்டினாள்,
கோப்பில் தேதி போட்டு எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.
நாத்தனார் தொலைபேசியில் அழுதாள்:
"முதல் சொல்லே நன்றி, எப்பேர்ப்பட்ட மனிதன்!"
நான் அடுப்பருகே நின்றுவிட்டேன்.
தண்ணீர் கொதித்துப் பாழானது.
மாத்தேவுக்குக் கொதித்த நீர் ஆகாது.

மொந்தேவிதேயோவில்
மாத்தே குடிக்கும் வீடுகளில்
அந்தச் சொல்லுக்கு வேறு வேலை.
ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல்.
ஊற்றுகிறவள் நீட்ட, உறிஞ்சித் திருப்பித் தர வேண்டும்.
வாய் திறக்காமல் தந்தால்
இன்னொரு முறை ஊற்று என்று பொருள்.
நன்றி சொல்லித் தந்தால்
போதும், இனி என் முறை வேண்டாம்.

முப்பத்தோரு வருடம்
என்னிடம் அதைச் சொல்லாதவர்.
செர்ரோ போகும் பேருந்தை ஒரு கையால் வளைத்து
மறு கையில் குடுவை பிடித்தவர்.
வேலை முடிந்து படியேறும்போதே
"பிளாஸ்கில் மிச்சமிருக்கா?" என்று கேட்பவர்.

இப்போது முதல் மிடறிலேயே கிராசியாஸ்.
மாத்திரைக்கு.
வலது காலில் செருப்பு மாட்டினால்.
ஜன்னலைத் திறந்தால்; சரி என்று மூடினால், அதற்கும்.
சவரம் செய்யக் கன்னத்தில் நுரை தடவினேன்,
கிராசியாஸ் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
நுரை தலையணையில் காய்ந்தது.

பேரன் பிறந்த செய்திக்கு முகத்தில் ஒன்றுமில்லை.
அன்றிரவே ஒரு மெத்தை விளம்பரம் பார்த்துத்
தேம்பித் தேம்பி அழுதார்.

வேறு சொல் கிடைக்காததாலா,
வேறெதுவும் வேண்டாததாலா?
டாக்டர் எச்செவெரி படத்தை விளக்கில் மாட்டினார்.
இடப்பக்கம், கட்டைவிரல் நகமளவு நிழல்.
"இது பேச்சு. இதோ, கை."
இந்தத் துக்கம் எங்கே இருக்கிறது என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நிறையப் பேருக்கு வரும்,
அதுவும் நோயில் சேர்த்திதான்,
மாத்திரை எழுதுகிறேன், பிடிக்க ஐந்தாறு வாரமாகும்.

என் தம்பி ஓமாருக்கு அதெல்லாம் இல்லை.
"சாவை ஏமாற்றிவிட்டு வந்தவன்
மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளலாமா?"
கைப்பயிற்சிக்குத் தந்த மஞ்சள் பந்து
கட்டிலடியில் தூசி சேர்த்தது.
ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கத்தினேன்:
"நன்றி சொல்லாதே!
திட்டு. குடுவையை வீசு. என்னவாவது செய்!"
பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.
நிறுத்தத்தில் யாருமில்லாதபோது
பேருந்தை வேகம் குறைக்காமல்
தாண்டிப்போகும் ஓட்டுநரின் பார்வை.
பிறகு அதே சொல்.

ஆகஸ்ட் கடைசியில்
சாந்தா ரோசா புயல் அடித்து ஓய்ந்த மறுநாள்.
மின்சாரம் வரவில்லை.
கடற்கரைச் சாலையில் விழுந்த கிளைகளை
யாரோ அறுத்துக்கொண்டிருந்தார்கள்.
ஊற்றி நீட்டினேன், பழக்கத்தில்.
அடிவரை உறிஞ்சினார், குழல் கொரகொரத்தது.
இடது கையால் குடுவையை நீட்டினார்.

அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன்.
ரம்பத்தின் சத்தம் நின்றது,
மறுபடி தொடங்கியது.
உதடுகள் மூடியே இருந்தன.
கை இறங்கவில்லை.

ஊற்றினேன்.
பாதி மேசைமேல் போயிற்று.

இரண்டாவதுக்கு கிராசியாஸ் சொல்லிவிட்டார்,
மறைப்பானேன்.

வியாழக்கிழமை சொலாஞ்ச் கேட்டாள்:
"இந்த வாரம் புதுச் சொல் ஏதாவது?"
இல்லை என்றேன்.
"பழையதையே ஒரு தடவை சொல்லவில்லை."
உதட்டைப் பிதுக்கி
கோப்பில் கீழ்நோக்கி ஓர் அம்பு வரைந்தாள்.
நான் திருத்தவில்லை.